சார்ஜ் ஏறாத பேட்டரி: கன்வெர்ட்டரை மாற்றுவதற்கு முன்

கேம்ப்கிரவுண்டில் கேபிளைச் செருகியிருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. விளக்கு எரிகிறது, தண்ணீர் பம்ப் ஓடுகிறது, ஏசி குளிர்கிறது. மறுநாள் கேபிளைச் சுருட்டி வைத்துவிட்டு மின் இணைப்பே இல்லாத காட்டு முகாமுக்குப் போனால், இரவு பத்து மணிக்கே விளக்கு மங்குகிறது. விடிவதற்குள் ஃபர்னஸ் நின்று பிள்ளைகள் குளிரில் விழித்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் டிராவல் ட்ரெய்லர் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் இது. பக்கத்து இடத்தில் நிற்கும் அனுபவசாலியிடம் கேட்டால் தயங்காமல் சொல்வார்: "கன்வெர்ட்டர் போயிருக்கும், மாத்திடுங்க."

பெரும்பாலும் அது போயிருக்காது. மேலே சொன்ன அறிகுறிகளே அதற்குச் சாட்சி. கேபிள் செருகியிருக்கும்போது உங்கள் விளக்கையும் பம்பையும் ஓட்டுவது கன்வெர்ட்டர்தான். பேட்டரி காலியாக இருந்தும் விளக்கு பளிச்சென்று எரிகிறது என்றால் கன்வெர்ட்டர் 12 வோல்ட் தந்துகொண்டிருக்கிறது. அது பேட்டரிவரை போய்ச் சேரவில்லை, அல்லது சேர்ந்ததைப் பேட்டரியால் பிடித்துவைக்க முடியவில்லை. இதற்கு நேர்மாறான அறிகுறி வேறு. கேபிள் செருகியிருந்தும் சில மணி நேரத்தில் விளக்கு மெல்ல மெல்ல மங்கினால், பேட்டரி தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அப்போதுதான் கன்வெர்ட்டரைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் அது முதல் சந்தேகம் மட்டும்தான், தீர்ப்பல்ல.

இந்த இரண்டு அறிகுறிகளையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு 20 டாலர் மல்ட்டிமீட்டர் ஒன்று போதும்.

ட்ரெய்லருக்குள் இரண்டு மின்சாரம்

ட்ரெய்லருக்குள் 120 வோல்ட் ஏசி, 12 வோல்ட் டிசி என இரண்டு தனித்தனி ஓட்டங்கள் உண்டு. கூரை ஏசி, மைக்ரோவேவ், சுவர் பிளக்குகள் முதல் வகை. விளக்குகள், பம்ப், ஃபர்னஸின் காற்றாடி, கேஸ் கசிவு அலாரம், ஸ்லைடு அவுட் மோட்டார், முன்பக்க ஜாக் எல்லாம் இரண்டாவது வகை. கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜுக்குக்கூட உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டு போர்டுக்கு 12 வோல்ட் வேண்டும். கேஸ் சிலிண்டர் நிறைந்திருந்தும் ஃப்ரிட்ஜ் அணைந்துபோவதற்கு இதுவே காரணம்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது கன்வெர்ட்டர். நம் ஊர் வீடுகளில் மின்வெட்டுக்கு வைத்திருக்கும் இன்வெர்ட்டர் பெட்டிக்குள் பேட்டரியை சார்ஜ் செய்யும் பகுதியை மட்டும் தனியே பிரித்தெடுத்தால் எப்படியோ, அதுதான் இது. 120 வோல்ட்டை வாங்கி 12 வோல்ட் சாதனங்களை ஓட்டும். கூடவே பேட்டரியையும் நிரப்பும். திரும்பிச் செய்யாது. கேபிளைக் கழற்றியதும் சுவர் பிளக்கில் செல்போன் சார்ஜர் வேலை செய்யவில்லை என்றால் அது பழுதல்ல. உங்கள் வண்டியில் இன்வெர்ட்டர் இல்லை, அவ்வளவுதான்.

நடுத்தர ட்ரெய்லர்களில் 45 அல்லது 55 ஆம்பியர் கன்வெர்ட்டர் இருக்கும். பிரேக்கரும் ஃப்யூஸும் வரிசையாக இருக்கும் பெட்டியின் கீழ்ப்பகுதியில் பெரும்பாலும் ஒளிந்திருக்கும்; சில வண்டிகளில் கட்டிலுக்கடியில் தனிப் பெட்டியாக இருக்கும். 1990களின் வண்டிகளில் 'ம்ம்ம்' என்று உறுமும் கனமான டிரான்ஸ்ஃபார்மர் வகை கன்வெர்ட்டர்களைப் பார்க்கலாம். அவை சார்ஜ் ஏற்றுவதில் மந்தம். நிறைந்த பிறகும் விடாமல் தள்ளித் தள்ளி பேட்டரித் தண்ணீரை வற்ற வைக்கும். இப்போது வருபவை மூன்று கட்டமாக இயங்கும்: வேகமாக ஏற்றும்போது 14.4 வோல்ட், வழக்கமாக 13.6, சும்மா நிற்கும்போது 13.2. இந்த மூன்று எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மல்ட்டிமீட்டரில் நாம் தேடப்போவது இவற்றைத்தான்.

கைவைப்பதற்கு முன்

கன்வெர்ட்டர் பெட்டியின் மூடியைத் திறந்தால் ஒரு பக்கம் 12 வோல்ட், இன்னொரு பக்கம் 120 வோல்ட். முதலாவது உங்களைக் கொல்லாது, இரண்டாவது கொல்லும். ஸ்க்ரூவைத் தொடும் எந்த வேலையையும் கேபிளைப் பிடுங்கிவிட்டே செய்யுங்கள். பிரேக்கரை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பிரேக்கருக்கு முந்திய வயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். 12 வோல்ட்டிலும் அலட்சியம் வேண்டாம். ஷாக் அடிக்காது என்றாலும் ஸ்பானர் இரண்டு முனைகளையும் ஒருசேரத் தொட்டால் சிவக்கச் சூடாகி உருகும். மோதிரம், காப்பு, கைக்கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும்.

சோலார் பேனல் இருந்தால் அதன் இணைப்பைத் துண்டித்துவிட்டுச் சோதியுங்கள். வெயிலில் பேனல் தரும் 13 சொச்சம் வோல்ட்டைப் பார்த்து 'கன்வெர்ட்டர் நன்றாக இருக்கிறது' என்று முடிவுகட்டி, மாலையில் ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

மூன்று அளவுகள்

முதல் அளவு, பேட்டரி ஓய்வில் இருக்கும்போது. கேபிள் இல்லை, விளக்கு இல்லை, சார்ஜ் நின்று சில மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். நிறைந்த ஆசிட் பேட்டரி 12.6 முதல் 12.7 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12.0க்குக் கீழே போயிருந்தால் அதைப் பட்டினி போட்டிருக்கிறீர்கள். 10.5 அருகில் நின்று, எவ்வளவு சார்ஜ் செய்தாலும் அதற்கே திரும்பி வருகிறது என்றால் ஆறு அறைகளில் ஒன்று உள்ளேயே ஷார்ட் ஆகியிருக்கக்கூடும். ஒவ்வொரு அறையும் ஏறக்குறைய 2.1 வோல்ட், ஒன்று போனால் கணக்கு சரியாக அங்கேதான் வந்து நிற்கும். அந்த பேட்டரிக்கு வைத்தியம் இல்லை.

இரண்டாவது அளவு, அதே பேட்டரி முனைகளில், கேபிளைச் செருகிய பிறகு. எண் 13.2க்கு மேல் ஏறினால் கன்வெர்ட்டரும் நல்லது, வயரும் நல்லது. பழுது பேட்டரியில் இருக்கிறது அல்லது உங்கள் செலவுக் கணக்கில் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: அடியோடு காலியான பேட்டரி மின்சாரத்தை உறிஞ்சும்போது வோல்டேஜைக் கீழே இழுத்துப் பிடிக்கும். முதல் ஐந்து நிமிடம் 12.7 என்று காட்டினால் பதற வேண்டாம். அரை மணி கழித்து மறுபடி அளந்து, ஏறிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏறினால் நலம். ஓய்வில் இருந்த எண்ணிலேயே அசையாமல் நின்றால், அல்லது இறங்கினால், அடுத்த அளவுக்குப் போகலாம்.

மூன்றாவது அளவு, கன்வெர்ட்டரின் வாயிலிலேயே. ஃப்யூஸ் வரிசை இருக்கும் போர்டில் பேட்டரிக்குப் போகும் தடித்த வயர் வந்து சேரும் இடத்தில் மீட்டரின் முனைகளை வையுங்கள். இங்கே 13.6, பேட்டரியில் 12.2 என்றால் கன்வெர்ட்டரை அப்படியே விட்டுவிடுங்கள். நடுவில் எங்கோ பாதை அறுந்திருக்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே குறைந்த எண் என்றால் கன்வெர்ட்டர் எதையும் தரவில்லை.

இந்த மூன்று அளவுகளையும் எடுக்காமல் கடைக்குப் போய் சில நூறு டாலருக்குப் புதுக் கன்வெர்ட்டர் வாங்குவது, காய்ச்சலைப் பார்க்காமல் மாத்திரை வாங்குவது மாதிரி.

நடுப்பாதையில் தேட வேண்டிய இடங்கள்

எனக்கு மிகவும் பயன்பட்ட பகுதி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கன்வெர்ட்டரிலிருந்து பேட்டரிவரை உள்ள பத்துப் பதினைந்து அடியில் பழுதாகக்கூடியவை குறைந்தது நான்கு.

ஒன்று, பேட்டரி துண்டிப்பு ஸ்விட்ச். வண்டியை நிறுத்தி வைக்கும் மாதங்களில் பேட்டரி காலியாகாமல் இருக்க வைத்தது. பல வண்டிகளில் இதை அணைத்த நிலையில் கன்வெர்ட்டரின் சார்ஜும் பேட்டரிக்குப் போகாது. ஆனால் கேபிள் செருகியிருந்தால் விளக்கு எரியும்! குளிர்காலம் முழுக்க வீட்டு முற்றத்தில் கேபிள் செருகியே வைத்திருந்தும் வசந்தத்தில் பேட்டரி செத்துக் கிடப்பதன் மர்மம் பல நேரம் இந்த ஒரு ஸ்விட்ச்தான். எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பாருங்கள்.

இரண்டு, பேட்டரிக்குப் பக்கத்தில், இழுவைச் சட்டத்தில் திருகப்பட்டிருக்கும் சிறிய உலோகப் பெட்டி. இரண்டு போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று செம்பு நிறம், ஒன்று வெள்ளி நிறம். இது தானாக மீளும் பிரேக்கர். மழையும் சாலை உப்பும் படும் இடத்தில் வைத்திருக்கிறார்கள்; துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? கேபிள் செருகியிருக்கும்போது மீட்டரின் ஒரு முனையை ஒரு போல்ட்டிலும் மற்றொன்றை அடுத்த போல்ட்டிலும் வையுங்கள். நல்ல பிரேக்கர் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் அது திருடுகிறது. விலை சில டாலர்தான், மாற்றிவிடுங்கள். இதே முறையில் பாதையின் ஒவ்வொரு துண்டையும் சோதிக்கலாம்: ஸ்விட்சின் இரு பக்கம், ஃப்யூஸின் இரு பக்கம், வயரின் இரு முனை. எங்கே எண் தெரிகிறதோ அங்கே தடை இருக்கிறது.

மூன்று, நெகட்டிவ் வயர் சட்டத்தில் திருகப்பட்டிருக்கும் இடம். பாசிட்டிவை மட்டுமே எல்லோரும் துருவுவார்கள். பாதி மின்சாரத் தொல்லைகள் பெயின்ட்டின் மேல் திருகிய எர்த் போல்ட்டிலிருந்து வருகின்றன. கழற்றி, சட்டத்தைப் பளபளவென்று உலோகம் தெரியும்வரை தேய்த்து, மறுபடி இறுக்குங்கள்.

நான்கு, பேட்டரி முனைகளிலேயே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் உப்பு. சமையல் சோடா கலந்த நீரால் கழுவி, கம்பி பிரஷால் தேய்த்தால் போகும். சோடா நீர் பேட்டரியின் அறைக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு வயரின் கதை

கார் பேட்டரியில் கறுப்பு என்றால் நெகட்டிவ். அந்தப் பழக்கத்தில் ட்ரெய்லர் பேட்டரியை மாற்றப் போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ட்ரெய்லர்களில் சட்டத்தின் முன்னால் வரும் இரண்டு வயர்களில் பெரும்பாலும் கறுப்புதான் பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். கடைக்காரரே தவறுவது உண்டு. மாற்றி மாட்டி ஒரு நொடி தொட்டால் போதும். ஒரு பொறி பறக்கும், கன்வெர்ட்டரைக் காப்பாற்ற வைத்திருக்கும் இரண்டு ஃப்யூஸ்கள் எரியும்.

அந்த இரண்டும் போர்டில் மற்ற ஃப்யூஸ்களிலிருந்து சற்று விலகி ஜோடியாக இருக்கும். 30 அல்லது 40 ஆம்பியர் என்று மேலே எழுதியிருக்கும். கேபிள் செருகியும் விளக்கு மங்கிக்கொண்டே போகிறது என்று முதலில் சொன்னேனே, அதற்கு முதல் காரணமாக இவற்றைத்தான் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். கழற்றி மீட்டரால் சோதியுங்கள். அதே ஆம்பியர் ஃப்யூஸை மாட்டுங்கள், ஒரு படி கூட வேண்டாம். புதியதும் உடனே எரிந்தால் இன்னும் வயர் மாறித்தான் இருக்கிறது, அல்லது கன்வெர்ட்டருக்குள்ளேயே சேதம். புது பேட்டரியை மாட்டுவதற்கு முன் பழைய பேட்டரி இருந்த நிலையைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் இந்த அத்தியாயத்தின் இந்தப் பகுதி உங்களுக்குத் தேவைப்படாது.

இரண்டு பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டை பாசிட்டிவ்-பாசிட்டிவ், நெகட்டிவ்-நெகட்டிவ் என்று பக்கவாட்டில் இணைக்க வேண்டும். கால்ஃப் வண்டிக்கான 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டை ஒன்றின் வாலை மற்றதன் தலையில் தொடுத்து இணைக்க வேண்டும். குழப்பி 12 வோல்ட் இரண்டையும் தொடுத்துவிட்டால் 24 வோல்ட் ஆகும். விளக்கிலிருந்து ஃப்ரிட்ஜ் போர்டுவரை ஒரே வீச்சில் போகும்.

120 வோல்ட் பக்கம்

ஃப்யூஸ்கள் நன்றாக இருந்தும் கன்வெர்ட்டர் எதையும் தரவில்லை என்றால், அதற்கு மின்சாரம் வருகிறதா? கன்வெர்ட்டருக்கென்று உள்ள பிரேக்கரை முழுதாக அணைத்து மறுபடி போடுங்கள். நடுவில் தொங்கும் பிரேக்கர் பார்வைக்கு இயங்குவது போலவே இருக்கும். கட்டிலுக்கடித் தனிப் பெட்டி வகை சில சமயம் சாதாரண பிளக்கில் செருகப்பட்டிருக்கும். அந்த பிளக் குளியலறையின் ஜிஎஃப்சிஐ பாதுகாப்பு பிளக்கோடு தொடர்புள்ளதாக இருந்தால், குளியலறையில் அது டிரிப் ஆனதும் கட்டிலுக்கடியில் கன்வெர்ட்டர் தூங்கிவிடும். பொத்தானை அமுக்கினால் சரி.

கேம்ப்கிரவுண்ட் மின்சாரத்தையும் நம்பிவிட வேண்டாம். ஜூலை மதியத்தில் எல்லோரும் ஏசி போடும்போது பழைய கேம்ப்கிரவுண்டுகளில் வோல்டேஜ் நன்றாக இறங்கும். 105 வோல்ட்டுக்குக் கீழே கன்வெர்ட்டர்கள் திணறும், ஏசியின் கம்ப்ரஸருக்கும் கேடு. வோல்டேஜ் குறைந்தால் தானே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி ஒன்றை வாங்கி வைத்திருப்பது இந்த நூல் பரிந்துரைக்கும் செலவுகளில் முதன்மையானது.

வீட்டில் ட்ரெய்லருக்கென்று 30 ஆம்பியர் பிளக் போடச் சொல்கிறவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். அமெரிக்க வீடுகளில் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கான 30 ஆம்பியர் பிளக் 240 வோல்ட். ட்ரெய்லரின் 30 ஆம்பியர் பிளக்கோ 120 வோல்ட். இந்த வேறுபாடு தெரியாத எலக்ட்ரீஷியன், பழக்கத்தில் 240ஐக் கொடுத்துவிடுவார். செருகிய கணத்தில் கன்வெர்ட்டர், மைக்ரோவேவ் எல்லாம் கருகும். வேலை முடிந்ததும் அவர் முன்னிலையிலேயே மீட்டர் வைத்து அளந்து, 120 என்று கண்ணால் கண்ட பிறகே செருகுங்கள். 50 ஆம்பியர் பிளக்கில் மட்டும் இரண்டு லைன்களுக்கு நடுவே 240 இருப்பது சரி. ஒவ்வொன்றுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 120 இருக்க வேண்டும்.

பழுதே இல்லாத பழுது

எல்லா அளவும் சரியாக வந்தும் பேட்டரி ஒரு இரவு தாங்கவில்லையா? கணக்குப் போடுங்கள். டீலர்கள் புது ட்ரெய்லரோடு தரும் சிறிய ஆசிட் பேட்டரி ஏறக்குறைய 80 ஆம்பியர்-மணி. அதில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். ஆக 40 உங்களுடையது. ஃபர்னஸின் காற்றாடி 8 ஆம்பியர் எடுக்கிறது என்று வையுங்கள். பத்து மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினால் 40. முடிந்தது! விளக்கு, பம்ப், அலாரம் எதையும் இன்னும் சேர்க்கவே இல்லை. வோல்டேஜ் இறங்க இறங்கக் காற்றாடி மெதுவாகச் சுற்றும், காற்றோட்டத்தை உணரும் உள் ஸ்விட்ச் மூடாது, கேஸ் பற்றாது. ஃபர்னஸ் பழுது என்று அதிகாலையில் நினைக்கிறீர்கள், பற்றாக்குறை பேட்டரியில்.

நிறுத்தி வைத்த வண்டியிலும் கேஸ் அலாரம், ரேடியோவின் நினைவகம் போன்றவை சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் பேட்டரி தரைதட்டும். அப்படியே வாரக்கணக்கில் காலியாகக் கிடந்த ஆசிட் பேட்டரி, தகடுகளில் சல்ஃபேட் படிந்து, பிறகு சார்ஜ் செய்தால் சீக்கிரமே 'நிறைந்துவிட்டேன்' என்று காட்டி, சீக்கிரமே கவிழ்ந்துவிடும். உதிரிபாகக் கடைகள் பலவற்றில் பேட்டரியை இலவசமாகவே சுமை ஏற்றிச் சோதித்துத் தருகிறார்கள், கொண்டுபோங்கள்.

'நாலு மணி நேரம் ஓட்டி வந்தோமே, அதிலேயே ஏறியிருக்குமே' என்பதும் தப்புக் கணக்கு. இழுக்கும் வண்டியின் ஏழு முனை இணைப்பு வழியாகச் சார்ஜ் வரத்தான் செய்கிறது. ஆனால் மெல்லிய வயர், நீண்ட தூரம். வந்து சேர்வது சில ஆம்பியர்தான். பாதி காலியான பேட்டரியை அது நிரப்பாது.

லித்தியம் பேட்டரிக்கு மாறியவர்களுக்கு வேறு எண்கள். இரும்பு பாஸ்பேட் வகை லித்தியம் 14.4 முதல் 14.6 வோல்ட்டில்தான் முழுதாக நிறையும். 13.6ஐத் தாண்டாத பழைய கன்வெர்ட்டர் அதை நிரப்பி முடிக்காது; கன்வெர்ட்டரை மாற்றுவது இங்கே நியாயமான செலவு. பேட்டரி உறைநிலைக்குக் கீழே, அதாவது 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும்போது லித்தியத்துக்கு சார்ஜ் ஏற்றக் கூடாது. ஆசிட் பேட்டரியின் குளிர்ப் பிரச்சினை வேறு: நிறைந்திருந்தால் மினசோட்டா ஜனவரியையும் தாங்கும், காலியாக இருந்தால் உள்ளே உறைந்து ஓடு வெடிக்கும். நிரப்பி, நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டால் போதும்.

உண்மையாகவே போயிருந்தால்

120 வோல்ட் உள்ளே வருகிறது, ஃப்யூஸ்கள் நலம், பேட்டரியைக் கழற்றிவிட்டும் வெளியே எதுவும் வரவில்லை. இப்போது தீர்ப்பு எழுதலாம்: கன்வெர்ட்டர் போய்விட்டது. முழுப் பெட்டியையும் மாற்றத் தேவையில்லை. கீழ்ப்பகுதியை மட்டும் மாற்றும் பலகைகள் பெரும்பாலான மாடல்களுக்குக் கிடைக்கின்றன. பழையதன் மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பெரிய ஆம்பியர் வாங்க ஆசை வரும். பேட்டரிக்குப் போகும் வயரின் தடிமன் அதைத் தாங்குமா என்று பார்க்காமல் வாங்காதீர்கள். கருகிய வாடையோ, உருகிய வயர் உறையோ தெரிந்தால் நீங்களே தொடாமல் ட்ரெய்லர் மெக்கானிக்கை அழையுங்கள்.

சோதனைக்காகப் பேட்டரியைக் கழற்றிக் கடையில் கொடுத்துவிட்டு, 'கேம்ப்கிரவுண்டில்தான் கரண்ட் இருக்கிறதே' என்று ட்ரெய்லரை வெறுமனே இழுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். சாலையில் கொக்கி கழன்று ட்ரெய்லர் தனியே பிரிந்தால் அதன் பிரேக்கைத் தானாகப் பிடிக்க வைக்கும் அவசர ஸ்விட்ச் அந்தப் பேட்டரியை நம்பித்தான் இருக்கிறது.